தூங்கும்போது தூக்கி வந்தோம்

2022 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஊரில் என் அம்மாவிடம் வளர்ந்த நாலு வயது மகளைச் சென்னையில் எங்களோடு வைத்துக்கொள்ள, தூக்கத்திலேயே தோளில் போட்டுக்கொண்டு கடையநல்லூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். அன்று மதியம் அவளைத் தூங்கவிடவில்லை. வேண்டுமென்றே விளையாட விட்டோம். சாயங்காலம் என் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ரசம் சாதம் ஊட்டினாள். ஆறு மணிக்கெல்லாம் பிள்ளை அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டது. எல்லாம் பெரியவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு. "முழிச்சிருந்தா அழுவா, அழுதா நீ விட்டுட்டுப் போயிருவ. தூங்குறப்பவே தூக்கிட்டுப் போயிரு, ஒரு வாரத்துல மறந்துருவா" என்று பெரியம்மா சொன்னாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த ஒரு இரவு எங்களுக்கு ஒன்றரை வருட நிம்மதியையும் ஒரு லட்சத்துக்கு மேல் பணத்தையும் விலையாகக் கேட்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கிற எத்தனையோ பேர் இப்போதும் இதே முடிவை எடுக்கிற இடத்தில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் பிறந்தது 2018 மார்ச்சில். எனக்கு 26 வாரப் பிரசவ விடுப்பு கிடைத்தது. கையிலிருந்த சொந்த விடுப்பையும் சேர்த்து ஏழு மாதம் ஓட்டினேன். நாங்கள் இருந்தது குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு. கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாமியார் உயிரோடு இல்லை. பக்கத்தில் பார்த்த குழந்தைக் காப்பகத்தில் ஒரே அறையில் பதினைந்து பிள்ளைகள், இரண்டு ஆயாக்கள், மாதம் ஒன்பதாயிரம். மனசு ஒப்பவில்லை. கடனும் இருந்தது, வேலையை விட முடியாது. அம்மாதான் "பிள்ளைய எங்கிட்ட விடுட்டி, உன்னைய வளக்கலியா நான்?" என்று கேட்டாள். அக்டோபர் மாதம் கொண்டுபோய் விட்டேன். பால் கட்டிக்கொண்டு, பஸ்ஸில் புடவையெல்லாம் நனைந்து திரும்பி வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017-இல் பிரசவகால சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்போதே அதில் சேர்த்தார்கள். என் அலுவலகத்தில் முந்நூறு பேர் இருந்தோம். காப்பகம் கிடையாது, அப்படி ஒரு உரிமை இருப்பதை யாரும் சொல்லவுமில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்பதே தெரியாது. நீங்கள் விடுப்பில் போவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கேட்டால் உடனே கட்டித் தந்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மின்னஞ்சலில் கேட்ட பிறகு என்னோடு வேலை பார்த்த ஒரு தோழிக்கு, பக்கத்துக் காப்பகத்தின் கட்டணத்தில் பாதியை நிறுவனம் தந்தது.

ஊரில் பிள்ளை நன்றாக வளர்ந்தாள். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுவார்கள், அம்மாவும் சுற்றுவாள். மடியில் சொளவு, அதாவது முறம், அதில் நறுக்கிய இலை, ஓரத்தில் தூள், கையில் நூல். மகள் அந்தச் சொளவுக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து, நடந்து, பேசக் கற்றுக்கொண்டாள். நானும் தம்பியும் அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் ஆச்சியை அம்மா என்றே கூப்பிட்டாள். நான் 'சென்னை அம்மா'. மாதம் ஒருமுறை போவேன். அப்புறம் ஊரடங்கு வந்தது. 2020 மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் நேரில் பார்க்க முடியவில்லை. இ-பாஸுக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன், மூன்று முறையும் நிராகரித்தார்கள். செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கியதும் ஓடினேன். பிள்ளை ஆச்சியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே நான் ஒன்றைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பெற்றவள் நானாக இருந்தாலும் அவளுக்கு அம்மா என்பது ஆச்சிதான். நான் அதை ஏற்கவில்லை. என்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இனி சீக்கிரம் கூட்டி வந்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தப் பொறாமையிலிருந்துதான் வந்தது. அம்மாவிடம் பிற்பாடு இதைச் சொல்லி அழுதிருக்கிறேன்.

சரி, அந்த ரயிலுக்கு வருகிறேன். விடிகிற நேரம், செங்கல்பட்டு தாண்டும்போது எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்த்தாள், கீழ் பெர்த்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அம்மா எங்க?" என்றாள். நான் "நான்தான்டா அம்மா" என்றேன். அவ்வளவுதான், அந்தப் பெட்டியே எழுந்து உட்கார்கிற மாதிரி அழுதாள். வீட்டுக்கு வந்தும் மூன்று நாள் அழுகை. இட்லியை வாயில் வைத்தால் துப்பினாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்காவது நாள் அழுகை நின்றது. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள், சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். "பாத்தியா, பழகிட்டா" என்று எல்லாரும் சொன்னார்கள். ஆச்சியோடு போனில் பேசவைத்தால் மறுபடி கிளறிவிட்ட மாதிரி ஆகும் என்றார்கள். ஒரு மாதம் பேசவே விடவில்லை. அங்கே அம்மா தினமும் போன் செய்து "ஒரு தடவ காட்டுட்டி" என்று கெஞ்சினாள். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தது, எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். வீடு மாறி ஐந்தே வாரத்தில் பள்ளியும்.

அமைதியாகிவிட்ட பிள்ளை பழகிவிட்ட பிள்ளை அல்ல. இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். பிற்பாடுதான் படித்தேன். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், 1952-இல், சின்ன அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியாக இருந்த ஒரு இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெற்றோரைக் கூடவே தங்க விடமாட்டார்கள். பெற்றோர் வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது, அதனால் வராமல் இருப்பதே நல்லது என்று நர்ஸ்களும் டாக்டர்களும் உறுதியாக நம்பினார்கள். ராபர்ட்சன் கவனித்தது வேறு. முதலில் பிள்ளை எதிர்த்து அழும், பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்கும், கடைசியில் மனதளவில் விலகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் பழகிவிட்டதுபோலத் தெரியும். எழுபது வருடத்துக்கு முன்னால் அந்த நர்ஸ்கள் சொன்னதைத்தான் குரோம்பேட்டையில் என் வீட்டிலும் எல்லாரும் சொன்னோம்.

ஜூலையில் தொடங்கியது. இரண்டரை வயதிலேயே படுக்கை நனைப்பதை நிறுத்தியிருந்தவள் தினமும் நனைத்தாள். தலையணை உறைக்குள் பிஸ்கெட், பாதி கடித்த சப்பாத்தி, ஒரு முறை காய்ந்த தோசைத் துண்டு. பள்ளியில் யார் பென்சிலை எடுத்தாலும் கடித்துவிடுவாள். எல்லாவற்றையும்விட எங்களை வாட்டியது தூக்கம். பன்னிரண்டு மணி, ஒரு மணி வரை கண்ணைத் தேய்த்துத் தேய்த்து விழித்திருப்பாள். கண் சொருகும், உடனே தலையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருவாள். கட்டிலில் செருப்போடுதான் படுப்பாள். கழற்றினால் ஆங்காரமாக அழுவாள். நான் அடித்திருக்கிறேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து அலுவலகம் ஓட வேண்டிய நான், ஒரு மணிக்கு அந்தச் செருப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை. இறங்கிப் போய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பணம் கரைந்த கதையையும் சொல்கிறேன். படுக்கை நனைப்பதற்கு முதலில் ஒரு தனியார் மருத்துவமனை. சிறுநீர்ப் பரிசோதனை இரண்டு முறை, ஸ்கேன் ஒன்று, ரத்தப் பரிசோதனை, ஆலோசனைக் கட்டணம், எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு. எதிலும் ஒன்றுமில்லை. ஐந்து வயதுக்கு முன்னால் படுக்கை நனைப்பதைப் பொதுவாக நோய் என்றே கணக்கில் எடுப்பதில்லை என்பதும், ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி தொடங்கினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை போன்றவற்றைப் பார்த்துவிட்டு, கூடவே வீட்டில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. "சமீபத்தில் வீட்டில் ஏதாவது மாறியதா?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நேரமும் இல்லை, ஒவ்வொரு முறையும் நாலு நிமிடத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

செப்டம்பரில் பள்ளியில் கூப்பிட்டு, பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது, ஒரு மையத்தில் சோதித்து அறிக்கை வாங்கி வந்தால்தான் வகுப்பில் வைத்துக்கொள்ள முடியும் என்றார்கள். அவர்களே ஒரு மையத்தின் அட்டையையும் தந்தார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய். ஒரு மணி நேரம் பார்த்தார்கள். அறிக்கையில் இருந்த ஒரு வரி மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. காகிதத்தைச் சின்னச் சின்ன நீளத் துண்டாகக் கிழித்து, சுருட்டி, நூலால் கட்டி அடுக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள், தடுத்தால் கோபப்படுகிறாள், இது இயல்புக்கு மாறான செய்கை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பயத்தில் மூளை மரத்துப் போயிருந்தது. மூன்று மாத நடத்தைப் பயிற்சிக்கு மாதம் பதினெட்டாயிரம் வீதம் ஐம்பத்து நாலாயிரத்தை முன்பணமாகக் கட்டினோம். நகையை வைத்துத்தான். ஐந்து வாரம் போனோம். ஒரு மேசையில் உட்காரவைத்து, சொன்னதைச் செய்தால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் கதவு சாத்தும்போது பிள்ளை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நிறுத்திவிட்டோம், மீதிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பள்ளியிலிருந்தும் எடுத்தோம், கட்டிய முப்பத்து எட்டாயிரமும் போனது.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதற்கு முன்னால் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் எல்லாரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். பணத்தை வருகைக்கு இவ்வளவு என்று கட்டுங்கள், மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். பெற்றவளை உள்ளே விடாத இடத்தில் ஏன் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளை பிறந்ததிலிருந்து யார் தூக்கினார்கள், யார் ஊட்டினார்கள், யாரோடு தூங்கினாள், எப்போது எந்த வீடு மாறினாள் என்று கேட்காமலே ஒரு பெயரைச் சூட்டி அறிக்கை எழுதித் தருகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்கிற அக்கா ஒருவர்தான் வழி காட்டினார். அவருடைய பேரனுக்குப் பேச்சு தாமதமாகி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டிக்கொண்டிருந்தார். டி.இ.ஐ.சி. என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும். 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் இந்த மையங்கள் வந்தன. பிறந்த குழந்தையிலிருந்து 18 வயது வரை பார்க்கிறார்கள், பணம் கிடையாது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லாரும் ஒரே இடத்தில். காலை எட்டு மணிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், மின்விசிறி சரியாகச் சுற்றாது, உண்மைதான். ஆனால் அந்த உளவியலாளர் அம்மா எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார். பிரசவ அறையிலிருந்து தொடங்கிக் கதை கேட்டார். "ஊர்லேர்ந்து எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். "தூங்கும்போது தூக்கிட்டு வந்தோம் மேடம், அழக்கூடாதுன்னு" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார். "செருப்பு போட்டுட்டுத் தூங்குறாள்னு சொன்னீங்களே, அது எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. தூங்கினாள், ஆச்சி போய்விட்டாள். கடைசியாக நிம்மதியாகத் தூங்கிய இரவில் அவளுடைய வீடு, திண்ணை, சொளவு, பக்கத்து வீட்டு ஆடு, ஆச்சி, தாத்தா எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டன. மறுபடி தூங்கினால் இன்னும் என்னென்ன போகுமோ? தூக்கிக்கொண்டு போனால் இறங்கி ஓடச் செருப்பு வேண்டாமா? நாலு வயதுப் பிள்ளை தன்னால் முடிந்த அளவுக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான் அதற்காக அடித்திருக்கிறேன். "இது பிடிவாதமில்லம்மா, துக்கம். உங்க பொண்ணுக்கு அம்மா செத்துப்போன மாதிரி. யாரும் அவளுக்குத் துக்கம் கேக்கல" என்றார் அவர்.

இந்த இடத்தில் ஒரு பயத்தைச் சொல்ல வேண்டும், எனக்கு வந்தது உங்களுக்கும் வரலாம். அன்று ராத்திரி போனில் கண்டதையெல்லாம் படித்தேன். ருமேனியாவில் அனாதை இல்லங்களில் யாருமே கொஞ்சித் தூக்காமல் கிடந்த 136 குழந்தைகளை 2000-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. அவர்களில் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகளில், இரண்டு வயதுக்குள் போனவர்கள் பின்னால் போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று இருந்தது. என் மகள் வயது நாலரை. காலம் கடந்துவிட்டது, பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று விடிய விடிய அழுதேன். அடுத்த முறை போனபோது அந்த உளவியலாளரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலைத்தான் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே யாரும் இல்லை. உங்கள் பிள்ளைக்கு ஒருத்தர் இருந்தார், முழுசாக, மூன்றரை வருடம். அழுதால் ஓடி வந்தார், பசித்தால் ஊட்டினார். நம்பினால் ஆள் வரும் என்பதை அவள் ஏற்கெனவே கற்றிருக்கிறாள், அது வீணாகாது, அதனால்தான் இவ்வளவு கோபமாகவும் அழுகிறாள். அந்த ஆளைத் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்றார்.

தாய் சேய் பிணைப்பைப் பற்றி உலகம் முழுக்கப் பேசவைத்த ஜான் பௌல்பியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். வசதியான ஆங்கிலேயக் குடும்பம், பெற்ற தாயை ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் பார்ப்பாராம், வளர்த்தது ஒரு பணிப்பெண். பௌல்பிக்கு நாலு வயதாகும்போது அந்தப் பெண் வேலையை விட்டுப் போனார். தாயை இழந்ததற்குச் சமமான துயரமாக அதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். என் மகளுக்கும் அதே வயதுதான்.

அம்மாவை வரவழைத்தோம். எளிதாக நடக்கவில்லை. தாத்தா தனியாக இருக்க வேண்டும், பீடிக் கடையில் வேலைக் கணக்கு எழுதுகிற பாஸ் புத்தகம் விட்டுப்போகும், கணவருக்கு "திரும்பவும் முதல்லேர்ந்தா?" என்று சலிப்பு. அவரையும் அந்த உளவியலாளர் முன்னால் ஒரு நாள் உட்காரவைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். நவம்பர் கடைசியில் ஒரு காலை அம்மா வந்து இறங்கினாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அரை மணி நேரம் கிட்டவே வரவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து பையிலிருந்து நூல்கண்டை எடுத்து வைத்தாள். அலமாரிக்குள் மகள் அடுக்கி வைத்திருந்த காகிதச் சுருள்களைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, யாரு சுத்துன பீடி இது? கட்டு சரியா இருக்கே" என்றாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய் அறிக்கையில் இயல்புக்கு மாறான செய்கை என்று எழுதியிருந்தது, என் அம்மா செய்கிற வேலை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மகளுக்குத் தெரிந்த ஒரே வழி. சுவரோரம் நின்றவள் மெல்ல வந்து, ஒரு சுருளை எடுத்து ஆச்சி கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை. ஆறு மாத அழுகை.

அம்மா மூன்று மாதம் இருந்தாள். முதல் மாதம் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த மாதம் நான் ஊட்டுவேன், அவள் பக்கத்தில். மூன்றாவது மாதம் அவள் அடுத்த அறையில். இதைத்தான் மே மாதமே செய்திருக்க வேண்டும். இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன், அதில் எழுபதாயிரம் போனது. எந்தப் பயிற்சிக்கும் கொடுத்ததைவிட இந்தப் பணம்தான் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. தினமும் படுக்கும்போது ஒரு கதை சொல்லச் சொல்லியிருந்தார்கள், அவளுடைய கதையையே. "பாப்பா தூங்கும்போது சென்னை அம்மா தூக்கிட்டு வந்துட்டா. பாப்பாகிட்ட சொல்லவே இல்ல. அது தப்பு. இனிமே எங்க போனாலும் முழிச்சிருக்கும்போது சொல்லிட்டுத்தான் போவோம்." முதல் நாள் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் காதை மூடிக்கொண்டாள். பத்து நாள் கழித்து அவளே "தப்புன்னு சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தாள். சென்னை அம்மா என்று கூப்பிடுவதையும் திருத்துவதை விட்டுவிட்டேன். பிள்ளையைக் கூட்டி வந்தவர்கள் அவசரப்பட்டு முதலில் கை வைப்பது இதில்தான், வைக்காதீர்கள். பிள்ளை யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அதன் போக்குக்கு விடுங்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பிய நாளை ஒரு வாரம் முன்பே சொல்லி, நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தோம். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். மகள் பிளாட்பாரத்தில் புரண்டு அழுதாள். பார்த்தவர்கள் "ஏம்மா குழந்தைய இங்க கூட்டிட்டு வந்தே?" என்றார்கள். நான் வாரி மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு பத்தரைக்குத் தூங்கினாள், செருப்பு கட்டிலுக்குக் கீழே இருந்தது. தினமும் இரவு ஏழரைக்கு ஆச்சியோடு வீடியோ அழைப்பு, ஒரு நாளும் தவறவிடுவதில்லை. பிப்ரவரியிலிருந்து படுக்கை நனைப்பது வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. தலையணைக்குள் சாப்பாடு ஒளிப்பது நிற்க அடுத்த தீபாவளி ஆனது. இடையிடையே பின்வாங்கினாள். நான் காய்ச்சலில் ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தபோது எல்லாம் மறுபடி வந்தது, பத்து நாளில் போனது. அப்படி நடந்தால் பட்ட பாடெல்லாம் வீண் என்று மனசு உடைந்துவிட வேண்டாம்.

இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன், மகளுக்காக இல்லை, எனக்காக. பிள்ளையை அடித்த குற்ற உணர்வை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஆச்சியிடம் பிள்ளையை விட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போனதும் தவறில்லை. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்கின்றன, நன்றாகவே வளர்கின்றன. தவறு கைமாற்றியதில். நாலு வயதில் என்ன நினைவிருக்கப்போகிறது என்றார்கள். உண்மைதான், இப்போது கேட்டால் அந்த இரவைப் பற்றி அவளுக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது பொதிகையில் ஏறியதும் செங்கல்பட்டு வருவதற்குள் தூங்கிவிடுகிறாள். அங்கிருந்து திரும்பி வரும்போது தூங்குவதே இல்லை. கீழ் பெர்த் ஜன்னலோரம் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள், செருப்பு காலில் இருக்கும். நானும் அவள் அப்பாவும் முறை வைத்து விழித்திருக்கிறோம். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைக் கொறித்துக்கொண்டு, இருட்டில் வருகிற ஸ்டேஷன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருவோம்.